பீர்மேடு ஏற்றத்தில் சிக்கிய செயின்

பீர்மேடு மலைக்குச் சைக்கிளில் வந்திருப்பது நானும் செல்வமும். வராதவன் ரபீக், அவனுக்குக் காய்ச்சல். நான் ஓட்டுவது அவனுடைய கியர் சைக்கிள். மிதிக்கட்டைப் பக்கம் இரண்டு பல்சக்கரம். சமதரைக்குப் பெரியது, ஏற்றத்துக்குச் சின்னது. ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்று, மாற்றும்போது காலை அழுத்தாதே என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

வண்டிப்பெரியார் தாண்டி, தேயிலையைப் பார்த்துக்கொண்டே பெரிய சக்கரத்திலேயே ஏறுகிறேன். பாதியில் மூச்சு முட்டுகிறது. முழு பலத்தோடு மிதித்தபடியே சின்னதுக்கு மாற்றுகிறேன். செயின் கழன்று, சட்டத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இறுகிக்கொள்கிறது. இழுத்தால் வரவில்லை. ஜீப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்கிறான் செல்வம். ஆசையாகக் கிளம்பிய முதல் மலைப் பயணம் இங்கேயே முடிகிறதே என்று மறுபடியும் செயினை இழுத்துப் பார்க்கிறேன்.

கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்கா ஒருவர் நிற்கிறார்.

"என்ன தம்பி, மாடு படுத்துக்கிச்சா?"

"செயின் சிக்கிருச்சுக்கா. பின்சக்கரத்தக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கீங்களா?"

"கொழுந்து மூட்டை தூக்குற கைக்கு இதெல்லாம் ஒரு கனமா?"

ஒரே கையில் தூக்கிவிடுகிறார். நான் மிதிக்கட்டையைப் பின்னோக்கிச் சுற்ற, செல்வம் செயினை நெம்ப, அது பல்லில் வந்து உட்கார்கிறது. அக்கா இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்து எங்கள் கை கிரீஸைத் துடைக்கக் கொடுக்கிறார்.

"உச்சியில டீக்கடை இருக்கு. ஜீப்புல போறவனுக்கு அந்த டீ ருசிக்காது, போங்க."

நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. சின்னச் சக்கரத்தில் நிதானமாக ஏறுகிறோம். உச்சியில் இரண்டு டீ. மொத்தச் செலவு இருபத்து நான்கு ரூபாய்.