பெரியப்பா வீசாத துண்டு

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்க வலை, கூடை எல்லாம் அப்புறம்தான். முதலில் பெரியப்பாவின் துண்டு வேண்டும். கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் ஊர்க்கூட்டம் போட்டு மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிப்பார்கள். அன்று காலை சுற்றுவட்டாரமே கரையில் வந்து நிற்கும். பெரியப்பா மடைக் கருப்பருக்குச் சூடம் காட்டிவிட்டுக் கரை மேட்டில் ஏறி, தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு வீசு வீசுவார். அவ்வளவுதான், மறுநிமிடம் மொத்தச் சனமும் தண்ணீருக்குள் இருக்கும். அந்த உரிமை எங்கள் வீட்டுக்கு எப்போதிருந்து என்று பெரியப்பாவைக் கேட்டால், கண்மாய் வெட்டிய நாளிலிருந்து என்பார். சித்தப்பாவைக் கேட்டால் அதற்கும் முன்னாலிருந்து என்பார்.

ஒரு வருடம் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டப் பெரியப்பா துண்டை லேசாக உதறிவிட்டார். சூடம் அணைவதற்குள் பாதிச் சனம் தண்ணீரில். கருப்பர் கோபித்துக்கொள்வாரோ என்று ஊரே கொஞ்ச நாள் பயந்துகொண்டிருந்தது. அதிலிருந்து திருவிழா அன்று வியர்த்து ஊற்றினாலும் பெரியப்பா துடைத்துக்கொள்ள மாட்டார். கல்யாண மாப்பிள்ளை மாலையைப் பார்த்துக்கொள்வதுபோல் தோளை அசைக்காமல் நடப்பார்.

நாங்கள் அப்போது திருக்கோகர்ணத்தில் குடியிருந்தோம். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே அப்பா என்னைக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் கூட்டிவந்து ஊரில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த முறை ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். முந்தின வருடம் வரை கரையில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் அனுமதி. இந்த வருடம் தண்ணீரில் இறங்கலாம் என்று வாக்குக் கொடுத்ததோடு, சித்தப்பா எனக்கென்று சின்னதாக ஓர் ஊத்தாவும் முடைந்து வைத்திருந்தார். ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் சதக்கென்று அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனைத் துழாவி எடுக்க வேண்டும். நான் அதை வைத்துக்கொண்டு நாலு நாளாகக் கோழிகளை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தேன்.

கண்மாயின் நடுவே தண்ணீருக்குள்ளேயே ஒரு கருவேலங்கூட்டம் உண்டு. அதில் வருடா வருடம் நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும். வழக்கமாக நான் லீவுக்குப் போவதற்குள் குஞ்சுகளைப் பறக்கப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த வருடம் மழை பிந்தியது, நாரைகளும் பிந்தின. நான் போனபோது மரமெல்லாம் குஞ்சு.

பொழுது கிடைத்தபோதெல்லாம் பெரியப்பா என்னை டி.வி.எஸ்.ஸில் முன்னால் உட்காரவைத்துக் கரைக்குக் கூட்டிப் போவார். அங்கே ஒரு நாரை, அலகு நிறையத் தண்ணீரை மொண்டு வந்து குஞ்சுகளின் மேல் ஊற்றியதை அவர்தான் காட்டினார். உச்சிவெயிலில் தாய் நாரை இறக்கையை விரித்து, வெயிலை முழுக்கத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அடியில் மூன்று குஞ்சுகள் நிழலில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் நான் முதுமலைக்கும் வேடந்தாங்கலுக்கும் போயிருக்கிறேன், டிக்கெட் எடுத்து, தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எத்தனையோ பார்த்திருக்கிறேன். எங்கள் கண்மாயில் பலகையும் இல்லை, வேலியும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. இருந்தும் அந்தக் குடைபிடித்தல்போல என்னை நெகிழ வைத்த காட்சி வேறொன்றும் இல்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் ஒரு வேலை பாக்கி இருக்கும். யாரும் திருட்டு வலை வீசாமலிருக்கக் கண்மாய்க்குள் ஆங்காங்கே முள்ளை வெட்டிப் போட்டிருப்பார்கள். மறுநாள் இறங்குகிறவர்கள் காலில் ஏறாமலிருக்க அதை இழுத்துக் கரையேற்ற வேண்டும். சித்தப்பா இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி இறங்கினார். ஊரிலேயே மீனுக்கு அவ்வளவு ஆசைப்பட்டவர் வேறு யாரும் கிடையாது. விரால் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமக்கு வாயூறும்.

அவர்கள் மரங்களுக்குக் கிட்டே போய் முள்ளை இழுத்ததும் அத்தனை நாரையும் ஒன்றாக எழும்பின. வானமே மறைந்ததுபோல் தலைக்கு மேல் சுற்றின, இறங்கவே இல்லை. கூடுகளில் குஞ்சுகள் மட்டும் வெயிலில் கிடந்தன. இதற்காகவே காத்திருந்தவை மாதிரி காக்கைகளும் பருந்துகளும் எங்கிருந்தோ வந்துவிட்டன. பயந்துபோன குஞ்சு ஒன்று கூட்டின் விளிம்பில் தடுமாறித் தண்ணீரில் விழுந்தது. சித்தப்பா அதைப் பிடித்துத் தூக்கினார். எந்தக் கூட்டுக் குஞ்சு என்று தெரியவில்லை, முள் மரத்தில் ஏறவும் முடியவில்லை. எட்டிய மட்டும் ஒரு கிளைக் கவட்டையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் கரைக்கு வருவதற்குள் அது அங்கே இல்லை. பருந்து கொண்டுபோய்விட்டது.

சித்தப்பா பாட்டை நிறுத்தியிருந்தார். பெரியப்பா கரையில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மூணு ஆளு எறங்குனதுக்கே இந்தக் கதி. நாளைக்கு ஊரு நாடே எறங்கப் போவுதேடா" என்றார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பெரியப்பா மறுபடி ஊர்க்கூட்டம் போடச் சொன்னார். நான் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் பிடிக்காத மீனுக்கு மசாலா தயாராகிவிட்டது. கூட்டம் கலைந்து முதலில் சித்தப்பா வந்தார்.

"ஒத்துக்கிற மாட்டேங்கிறாங்க மதினி. அம்புட்டு ஊருக்கும் போன் பண்ணிச் சொல்லியாச்சாம். நாரைக்காகத் திருவிழாவத் தள்ளி வச்சா ஊரே சிரிக்குமாம். அதுபோக, வெயில் போற போக்குல தண்ணி சுண்டி மீனெல்லாம் செத்துப்போச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க."

"கேக்குறதும் நெசந்தானே" என்றார் பெரியம்மா.

அப்புறம் வந்த பெரியப்பா சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஊரு சொன்னதுக்கப்பறம் நீங்க ஒத்த ஆளா என்னங்க பண்ண முடியும்?" என்று பெரியம்மா கேட்டபோது, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கு ஒரே கவலைதான். விடியும்போது யாராவது என்னை எழுப்ப மறந்துவிடுவார்களோ என்று ஊத்தாவைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் கரை கொள்ளாத கூட்டம். கீரனூர்ப் பக்கத்திலிருந்துகூட லோடு வேனில் வந்து இறங்கினார்கள். கரை நெடுகிலும் பைக்குகள். வலை கிடைக்காதவர்கள் கொசுவலையும் பழைய சேலையும் கொண்டுவந்திருந்தார்கள். சேமியா ஐஸ்காரர் மணியை அடித்துக்கொண்டு நின்றார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டேன்.

பெரியப்பா கருப்பருக்குச் சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, துண்டைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கரை மேட்டில் ஏறினார். சத்தம் அடங்கியது. எல்லாக் கண்ணும் அவர் தோளில். அவர் கை துண்டைத் தொட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு காலை முன்னால் வைத்தார்கள். பெரியப்பா துண்டை எடுத்தார். எடுத்து, அதை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

சாமிக்கு முன்னால் தவிர அவர் துண்டை இடுப்பில் கட்டி நான் பார்த்ததே இல்லை. கலெக்டர் ஆபீசுக்கே தோளில் துண்டோடு போய் வந்த மனிதர். யார் யாரோ அசலூர்க்காரர்கள், பனியனும் லுங்கியுமாக நிற்கிறவர்கள், அவர்களுக்கு முன்னால் போய் ஏன் இப்படி நிற்கிறார்? எனக்கு அவமானமாக இருந்தது. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லி வரவச்சிட்டு இப்புடி நிக்கிறேன், எல்லாரும் மன்னிக்கணும்" என்றார் பெரியப்பா. "மரத்துல இருக்கதுக பச்சப்புள்ளைக. நாம எறங்குனா ஒண்ணுகூட மிஞ்சாது. நேத்து எங் கண்ணால பாத்தேன். அமாவாசை வரைக்கும் பொறுத்துக்குங்க. அதுகளுக்கு ரெக்கை தெரண்டுரும். இந்தக் கரையவிட்டுப் போனதுக அடுத்த வருசம் நம்மள நம்பி வரணும்ல."

எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. சிரித்தார்கள், விசிலடித்தார்கள், டீசலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். "நாரைக்குப் பொறந்தநாளு கொண்டாடப் போறாரு" என்று ஒருத்தர் கத்தினார். பெரியப்பா கூப்பிய கையை இறக்கவில்லை.

கொசுவலையைத் தோளில் போட்டிருந்த ஓர் அசலூர் அக்காதான் முதலில் திரும்பியது. "நம்ம வீட்டுல புள்ளப்பெத்தவ படுத்திருந்தா வாசல்ல வந்து மேளம் அடிக்க விடுவமா? வாங்கடி போவம், அமாவாசைக்கு வருவம்" என்று தன்னோடு வந்த பெண்களைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர்கள் போவதைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் அசையவில்லை. அவர்களில் ஐந்தாறு பேர் பெரியப்பாவைக் கரைக்குக் கீழே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுப் போனார்கள். சித்தப்பாவும் பின்னால் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒருத்தர் கையை ஆட்டிப் பேசினார். பெரியப்பா ஏதோ சொன்னார், கொஞ்சமாகத்தான் சொன்னார். ஆட்டிய கை இறங்கியது. பிறகு அவர்களே கரைக்கு வந்து, கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார்கள்.

பெரியப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நான் தோற்றுவிட்டேன் என்பதும் புரிந்தது. ஊத்தாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஓவென்று அழுதேன். சித்தப்பா சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அமாவாசை வரை பெரியப்பாவுக்கு வேறு வேலையே இல்லை. தண்ணீர் நாளுக்கு நாள் சுண்டியது. சூடு தாங்காமல் கெண்டைகள் செத்து மிதந்தன. கரைப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெரியப்பாவின் காதில் விழும்படியே பேசிக்கொண்டு போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு புளிய மர நிழலில் உட்கார்ந்திருப்பார். நானும் கூட உட்கார்ந்திருப்பேன். குஞ்சுகள் கிளையில் நின்று இறக்கையை அடித்து அடித்து ஒரு சாண் எழும்பும், பயந்துபோய்த் திரும்பக் கிளையைப் பற்றிக்கொள்ளும். ஒருநாள் அதில் ஒன்று கிளையைப் பற்றத் தவறிவிட்டது. விழுந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆத்தா, பாரு பாரு!" என்று பெரியப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணைத் திறந்தால் அது தண்ணீருக்கு மேலே தாழ்வாக, கோணல்மாணலாக, ஆனால் பறந்துகொண்டிருந்தது. கண்மாயை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மரத்துக்கு வந்தது. பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். வளர்ந்த மனிதர் ஒருவர் அப்படிக் கைதட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அமாவாசை கழிந்த மறுநாள் திருவிழா நடந்தது. மரங்கள் காலியாகிவிட்டிருந்தன. பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை, கண்மாயில் பெரும்பாலும் சேறுதான். நான் முதல் வரிசையில் ஊத்தாவோடு நின்று மேட்டைப் பார்த்தேன். அங்கே நின்றது மேலத்தெருக்காரர் ஒருவர். அவர்தான் துண்டை வீசினார். எல்லோரும் இறங்கினார்கள். எனக்கு இறங்கத் தோன்றவில்லை. பெரியப்பாவைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால், ஐஸ்காரருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஏன் பெரியப்பா நீங்க வீசல?"

"தோள்பட்ட வலி ஆத்தா. கைய மேல தூக்க முடியல. நீ எறங்கு, வெராலெல்லாம் போயிரப் போவுது."

எனக்கு ஒரு விரால் கிடைத்தது. என் முழங்கை நீளம். அந்தச் சந்தோஷத்திலும் பெரியப்பாவின் வலி எனக்கு மறக்கவில்லை. சாயங்காலம் பெரியம்மாவிடம் தைலம் வாங்கிக்கொண்டு அவர் பின்னால் போய் உட்கார்ந்தேன். எந்தத் தோள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது தோள் என்றார். என் பலம் முழுவதையும் போட்டுத் தேய்த்தேன். பெரியம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா ஒரு பார்வை பார்த்தார். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

வேப்பமரத்தடியில் நடந்ததை, நான் காலேஜில் படிக்கும்போதுதான் சித்தப்பா சொன்னார். மீன் செத்தால் யார் பதில் சொல்வது என்று அவர்கள் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். "இனிமே துண்டு எங்க வீட்டுக்கு வேணாம். எனக்கப்பறமும் வேணாம். ஊரே வச்சுக்கிருங்க. அமாவாசை வரைக்கும் மட்டும் விடுங்க" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை, அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற சித்தப்பாவும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதெல்லாம் ஊரில் நாள் குறிப்பதற்கு முன் மரத்தில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்கிறார்கள். அதை ஆரம்பித்து வைத்தது யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியப்பாவை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மறுநாள் விடிந்ததும் பெரியப்பா ஒரு பெரிய வைக்கோல் கட்டை அதே வலது தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரே தடவை தேய்த்ததில் வலி போன இடம் தெரியவில்லை. லீவு முடிந்து வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதல் வேலையாக, என் கை ராசியான கை என்று சொன்னேன்.