முதலாளி குஷியாக இருந்தார்

எனக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று வாய் கூசாமல் சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். பினாங்குக் கடற்கரையோரம் மணிலாக் கயிறு விற்கும் கடை அது. கயிறு அனுப்பும் மணிலா வியாபாரி ஸ்பானிய மொழியில்தான் கடிதம் எழுதுவார். என்னிடம் இருந்ததோ ஒரு பழைய அகராதியும் அசட்டுத் துணிச்சலும்தான். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று ஆயர் ஈத்தாம் ஊரில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஐந்தாவது மாதம் முதல்தரமான சரக்கு வந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நமக்கு ரொம்ப சந்தோஷம் என்று எழுதிப் போடச் சொன்னார். அகராதியில் சந்தோஷத்துக்கு மூன்று சொற்கள் இருந்தன: ஃபெலிஸ், கொந்தெந்தோ, அலெக்ரே. கடைசிச் சொல் வாய்க்கு இனிமையாக இருந்தது. சரக்கு வந்த அன்று எங்கள் முதலாளி காலையிலிருந்து மாலைவரை அலெக்ரேயாக இருந்தார் என்று எழுதி, என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கப்பலில் அன்பளிப்பாக ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு புட்டி ஒயின்.

முதலாளி ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகையில் பிடில் வாசிக்கும் மணிலாக்காரரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மலாயில் விளக்கினார். வாழ்க்கையே நிறைந்திருந்தால் ஃபெலிஸ். கிடைத்ததில் மனம் திருப்திப்பட்டால் கொந்தெந்தோ. முகத்திலும் கைகாலிலும் தெரிகிற உற்சாகம் அலெக்ரே. ஆனால் ஒரு மனிதர் நாள் முழுக்க அப்படி இருந்தார் என்று எழுதினால் படிப்பவர் குடிபோதை என்றுதான் நினைப்பார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் பேச்சிலும் ஐயா குஷியில் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியுமே. முதலாளியின் மானத்தை நானே மணிலாவுக்குக் கப்பலேற்றியிருக்கிறேன்.

போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அகராதி ஒன்றுதான் என் ஸ்பானியப் படிப்பு என்பதையும் மறைக்கவில்லை. முதலாளி பெட்டியின் மூடியைச் சாத்தினார். கல்யாணம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அந்த ஆளு நல்ல மனசோட அனுப்பிருக்காரு. அவரு மனசு நோகாம பெட்டியத் திருப்பி அனுப்பணும். எழுதிருவியா தம்பி?"

ஒரு பகல் முழுக்க எழுதினேன். இந்த முறை கொந்தெந்தோ. பிடில்காரர் பிழை திருத்திக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்தார்.

அடுத்த மாதம் மன்னிப்புக் கடிதமும் ஒரு டின் மாம்பழ மிட்டாயும் வந்தன. முதலாளி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வேலை நிரந்தரம் என்றார். "இப்ப நீ எது தம்பி, அந்த மூணுல?"

வேலை கிடைத்ததற்குக் கொந்தெந்தோ என்பதுதான் சரி. என் வாயில் வந்தது ஃபெலிஸ். பெண் வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டு வா என்று என்னை அப்போதே அனுப்பிவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளோடு சண்டை போட்ட நாட்கள் உண்டு. கொந்தெந்தோவாக இல்லாத நாட்களும் ஏராளம். அன்று சொன்ன சொல்லை மட்டும் மாற்ற வேண்டி வரவில்லை.