பதில் சொன்ன கயிறு

ஈப்பனுக்குத் தண்ணீரிடம் பயமே கிடையாது. காயல் சூழ்ந்த குட்டநாட்டுக்காரன். கொச்சியில் முக்குளிப்புப் பயிற்சியின்போது நாங்கள் எல்லாம் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவோம். அவனோ நீச்சல் குளத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான்.

அவனுடைய ஜோடி சுகதன், இடுக்கி மலைக்காரன். முகமூடிக்குள் ஒரு சொட்டு நீர் நுழைந்தால் போதும், கைகால் உதறும். தேறாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். ஞாயிறுதோறும் ஈப்பன் அவனைக் குளத்துக்கு இழுத்துப்போய், அடியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

"எடா, கீழ எவ்வளவு சுகம் பாரு. வாத்தியார் திட்டுறதுகூடக் காதுல விழாது."

"எனக்கு என் நெஞ்சு அடிக்கிறதுதான்டா விழுது."

கடைசிச் சோதனை துறைமுகக் கலங்கலில். நீட்டிய கை தெரியாது. ஜோடியின் மணிக்கட்டுகளை ஒரே கயிறு இணைத்திருக்கும். ஓர் இழுப்பு என்றால், நல்லாயிருக்கியா? பதில் இழுப்பு என்றால், இருக்கேன். கயிற்றை அவிழ்த்தவனுக்குத் தேறியதற்கான பேட்ஜ் கிடையாது.

ஈப்பன் அடிக்கடி இழுத்துக் கேட்டான். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஏறச் சொல்லி மேலே இரும்பைத் தட்டினார்கள். அப்போதும் பதில் வந்ததே தவிர ஆள் வரவில்லை. சுகதன் எங்கோ மாட்டிக்கொண்டான் என்று பதறிய ஈப்பன், காற்று தீரப்போகிற நேரத்தில் கயிற்றைப் பிடித்தபடி தேடிப்போனான். மறுமுனை மிதவையின் சங்கிலியில் கட்டியிருந்தது. அலைக்கு ஆடிய சங்கிலிதான் அத்தனை நேரமும் பதில் சொல்லியிருக்கிறது. முடிச்சு, ஈப்பன் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

மூச்சு முட்ட மேலே வந்தபோது சுகதன் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தான்.

"இவன்தான் சார் என்னைக் கழட்டிவிட்டுக் கயித்தச் சங்கிலியில கட்டிட்டான். தேடித் தேடிப் பாத்துட்டுதான் ஏறினேன்."

"கீழ போனா இவனுக்கு உலகமே மறந்துடும், எனக்குத் தெரியாதா?" என்றார் வாத்தியார்.

நானாக இருந்தால் அங்கேயே அந்தப் படுபாவியின் பல்லை உடைத்திருப்பேன். ஈப்பன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சுகதன் முகமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பேட்ஜ் சுகதனுக்குப் போனது. ஈப்பன் இப்போது வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி மட்டி அள்ளுகிறான். போன மாதம் அவன் படகில் நானும் இருந்தேன். மனைவி ஏலியாம்மா கயிற்றை நீட்டினாள்.

"இதையாவது கட்டிக்கிட்டு இறங்குங்க இச்சாயா. நல்லாயிருக்கீங்களான்னு மேலேருந்து இழுத்துக் கேட்டுக்குவேன்ல?"

"நானும் கேட்டேன்டீ. நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்னு கடைசி வரைக்கும் சொல்லுச்சு."

கயிற்றை அவள் மடியிலேயே போட்டுவிட்டுக் குதித்தான்.