பூட்டு வக்கீலும் அக்காவின் கையெழுத்தும்

கோர்ட்டில் அவருக்குப் ‘பூட்டு வக்கீல்’ என்று பெயர். அவர் எழுதும் ஒப்பந்தத்தில் ஊசி நுழையக்கூட இடம் இருக்காது. ஓர் இசை நிறுவனத்துக்காக அவர் எழுதிய முதல் ஒப்பந்தம், பாடகியான சொந்த அக்காவோடு போட்டது. அவள் குரல் ‘இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களிலும்’ நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

“நீ எழுதினதை நான் வேற படிச்சுப் பாக்கணுமாடா?” என்று சிரித்துக்கொண்டே அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஒரு வரிக்காகவே நிறுவனம் அவரை வளைத்துப் போட்டது. கறுப்பு அங்கி போய், இருபது வருடத்தில் நிர்வாக இயக்குநர் நாற்காலி வந்தது.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அக்காவுக்குப் பேச்சே இல்லை. பழைய பதிவுகளை வைத்து, அவள் குரலில் கணினியைப் புதுப் பாட்டுகள் பாடவைக்க நிறுவனம் முடிவு செய்தது. சட்டப்படி அவளிடம் கேட்கவே வேண்டியதில்லை. அவள் மறுக்கக்கூடிய வழியை அந்த ஒரு வரியால் அவரே அடைத்திருந்தார். ஆனாலும் மனசு உறுத்தியது. வக்கீலுக்கு மனசாட்சி வந்தாலும் காகிதமாகத்தான் வரும். நான்கு பக்கச் சம்மதக் கடிதத்தோடு அக்கா வீட்டுக்குப் போனார்.

“சும்மா ஒரு மரியாதைக்குத்தான்க்கா. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்” என்று பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.