சிரிப்பு சீன்

இது கட்டிவிட்ட கதை இல்லை. கதை கட்டுகிற திறமை எங்கள் வீட்டில் அண்ணனுக்குத்தான் இருந்தது. எனக்கு நோட்டில் தேதியும் மணியும் குறித்து வைக்கும் பழக்கம் மட்டும்தான். அதைப் பார்த்தே எழுதுகிறேன். ஆனாலும், சரியாகத்தான் பார்த்தேனா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

அண்ணன் ஸ்ரீகாந்த் சென்னையில் ஒன்பது வருடம் சீரியல்களுக்கு வசனம் எழுதினான். டைட்டிலில் வேறு ஆளின் பெயர்தான் வரும். அவன் சீனை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். உத்திரமேரூரில் நான் மாலையில் போகும் டைப்ரைட்டிங் வகுப்பில், ஏழாம் நம்பர் மெஷினில் அதை அடித்து, போனில் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்புவேன். அந்த மெஷினில் 'ன' மட்டும் ஒரு நூல் மேலே ஏறி விழும்.

ஷூட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. சாவு சீன் எடுத்தால், பிணமாகப் படுத்தவர் கடைசியில் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். திருஷ்டி கழிவதற்காக. அண்ணன் எழுதும்போதும் அதை விடமாட்டான். செத்தவன் எழுந்து சிரிப்பதாக நாலு வரி சேர்த்துச் சொல்லுவான். ஷூட்டிங்குக்குப் போகாத வரிகள்தான். ஆனால் அடித்தே ஆகவேண்டும். "சாவை எழுதுன கையிடி, சும்மா வுடாது" என்பான்.

ஜூலை 8, செவ்வாய். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் புது சீரியலில் முதல் முறையாக அவன் பெயர் வரப்போகிறது. அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க பைக்கில் வந்துகொண்டிருந்தான்.

கிளம்பும் முன் 4.10க்கு ஒரு சாவு சீனைப் பேசி அனுப்பியிருந்தான். 5.58க்கு அடித்து கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். சிரிப்பு சீனை அடிக்கவில்லை. பரீட்சைக்கு ஸ்பீடு பழக வேண்டியிருந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தேன்...

6.52. எல்லோரும் போய்விட்டார்கள். வகுப்பு நடத்தும் இந்திராணி மேடம் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தேன். பக்கத்து ஸ்டூலில் அண்ணன்.

பைக் சத்தம் கேட்கவில்லை. எப்போதும் தெருவிலிருந்தே மூன்று முறை ஹாரன் அடிப்பான்.

"இன்னாண்ணா, உள்ளயே வந்துட்ட? டைட்டில்ல பேர் வந்தா ஹாரன்கூட அடிக்க மாட்டியா?"

அவன் சிரிக்கவில்லை.

"சிரிப்பு சீனு அடிச்சியா?"

"இல்லண்ணா... நாளைக்கு..."

"இப்ப அடி."

காகிதம் செருகினேன். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். வழக்கமாக வரிக்கு வரி தொண்டையைச் செருமுவான். அன்று மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்தியிருந்தான். வலது காலில் செருப்பு இல்லை.

"சீக்கிரம்டி. அம்மா காத்துக்கினு கீது."

டக்... டக்... டக்...

7.01. 'அவன் எழுந்து' என்று அடித்தேன்.

கரண்ட் போனது.

"அண்ணா?"

போனைத் துழாவினேன்.

7.03. கரண்ட் வந்தது.

ஸ்டூல் காலி.

மெஷினில் காகிதமும் இல்லை.

மேடம் எட்டிப் பார்த்தார். "யாராண்ட பேசிக்கினு கீற?"

"எங்கண்ணன் இப்ப வெளிய போச்சே, பாக்கலியா மேடம்?"

"நான் வாசல்லதான நிக்கிறேன்? யாரும் வரல, போவல."

7.20க்கு போன் வந்தது. வாலாஜாபாத் சாலை. லாரி. நடந்தது 6.05க்கு.

நான் சாவு சீனை அனுப்பி ஏழு நிமிடம்.

ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. பக்கத்து வீட்டில் டைட்டில் பாட்டு கேட்டது. சட்டென்று சத்தத்தைக் குறைத்தார்கள். பெயர் வந்ததாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களைப் பையோடு கொடுத்தார்கள். வாட்ச், சாவி, இடது செருப்பு. சட்டைப்பையில் இருந்ததாக, நாலாய் மடித்த ஒரு காகிதம். முந்தைய நாள் மாலை 6.40க்கே பையைக் கட்டி சீல் வைத்ததாகச் சீட்டில் எழுதியிருந்தது.

காகிதத்தைப் பிரித்தேன்.

டைப் அடித்த வரிகள். 'ன' எல்லாம் ஒரு நூல் மேலே.

கடைசி வரி, 'அவன் எழுந்து' என்பதோடு நின்றிருந்தது.

'சிரிக்கிறான்' என்பதை நான் அடிக்கவே இல்லை.