கங்காணி கேட்ட கணக்கு

ஒரு கணக்கில் உதவி வேண்டும், நண்பர்களே.

ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து அக்கா மகன் ராஜு வீட்டில்தான் படிக்கிறான். அல்ஜிப்ரா என்றால் அழுவான். நான் அதில் புலி. இன்று பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று வாசலில், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணி. ஏழடி உயரம்!

“பையன் சும்மாதானே இருக்கான்? லோரில ஏறச் சொல்லு.”

அக்கா அலறிவிட்டாள்.

“செந்தூல் ரயில் ஒர்க்‌ஷாப்புக்கு ஜப்பான்காரரே கணக்கெழுதக் கேட்ட பையன் அண்ணே! வேணும்னா கணக்குல கேட்டுப் பாருங்க,” என்றேன்.

கங்காணி புத்தகத்தில் ஒரு கணக்கின் மேல் விரல் வைத்தான்.

“பதினேழு,” என்றான் ராஜு, வேர்த்து ஊற்ற.

“சரியா?” கங்காணி என்னைக் கேட்டான்.

“ரொம்பச் சரி!”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தோம். விடை நான்கு என்றிருந்தது!

நான்கு எப்படி வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராஜுவுக்காகத்தான் கேட்கிறேன்.