பக்கத்து நெரையைப் பார்க்கும் கண்

மாரியம்மனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோரிடமும், அவள் எனக்குத் தண்ணீரில் செய்த உதவியைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

என் பெயர் செல்வி. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள்.

போன வருடம் தைப்பொங்கல் சமயம் பெரிய சோதனையில் இருந்தேன். கணவர் இறந்துவிட்டார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று பேசி, பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. ஐந்து வயது மகளை விட்டுப் போக மனமே இல்லை. அப்போதுதான் பதுளையில் உயிர்காப்பாளர் பயிற்சிக்குப் பெண்களையும் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். தேறினால் ஹோட்டல் நீச்சல் தடாகங்களில் வேலை கிடைக்கும். மகளோடு இருக்கலாம். தேறாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். ஆற்றில் நீந்திப் பழகியவள், துணிந்து சேர்ந்தேன்.

மூழ்கியவரை இழுத்து வருவது, மூச்சுக் கொடுப்பது எல்லாம் வந்தது. நேரத்துக்குள் நீந்தி முடிப்பதுதான் வரவில்லை. மலையில் பனி மூடினால், பக்கத்து நெரையில், அடுத்த தேயிலைச் செடி வரிசையில், கொழுந்து பறிக்கிறவள் தெரிகிறாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் பறிப்போம். சரிவில் வழுக்கி விழுந்தால் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பழக்கம் தண்ணீருக்குள்ளும் வந்துவிட்டது. பக்கத்தில் நீந்துகிறவரைப் பார்க்கத் தலையைத் தூக்குவேன். தலை மேலே வந்தால் கால் கீழே போகும். பின்தங்கிவிடுவேன்.

“செல்வி, தலைய தண்ணிக்குள்ள வைங்க!” என்று பயிற்சி கொடுத்த நஸீர் சேர் கரையிலிருந்து கத்துவார்.

லுணுகலையிலிருந்து வந்த தினேஷ்தான் எங்களில் கெட்டிக்காரன். “என்னக்கா, தண்ணிக்குள்ளயும் கொழுந்து தேடுறீங்களா? கங்காணி வரல, நிம்மதியா போங்க!” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, உடை மாற்றும் அறைக்குள் போய் அழுவேன்.

நீச்சல் சோதனைக்கு முந்திய வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் மாவிளக்குப் போட்டேன். “தாயே, இந்தப் பயத்த எங்கிட்டருந்து எடுத்துரு. எம் புள்ளைய விட்டுட்டுப் போக வச்சிராத” என்று அழுதேன்.

சோதனை நாள் வந்தது. பயம் போகவில்லை. கூடித்தான் இருந்தது. அம்மனும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

என் முறைக்காகக் கரையில் நின்றேன். தன் நீச்சலை முடித்த தினேஷ், ஓரமாக மூச்சை அடக்கி அடியில் நீந்திக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நீந்துகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண் மட்டும் வழக்கம்போல ஒவ்வொரு தலையாகத் தேடியது. ஒரு தலை மேலே வரவே இல்லை. அடியில் அவன் கை அசையாமல் கிடந்தது.

“சேர், தினேஷ்!” என்று கத்திக்கொண்டே குதித்தேன். அவனைத் தூக்கிக் கரைக்கு இழுத்து வந்தேன். சேர் மேலே ஏற்றினார். மூச்சு இல்லை. வாயில் வாய் வைத்து ஊதினேன். மறுபடி ஊதினேன். இருமினான். கண்ணைத் திறந்து, “அக்கா… நான் பாஸா?” என்றான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்து நல்லபடியாக அனுப்பினார்கள். ஆனால் என் நீச்சல் பாக்கி இருந்தது. “காப்பாத்துனது பெரிய விசயம்தான். ஆனா நேரத்துக்குள்ள நீந்தித்தான் ஆகணும்மா” என்று சேர் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்த மறுசோதனை அன்று தினேஷ் கரையில் வந்து நின்றான். கிண்டல் இல்லை. “அக்கா, இன்னைக்கு எல்லா நெரையையும் நான் பாத்துக்கிறேன். நீங்க கீழ பாத்துப் போங்க.”

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முடிக்கும்வரை பக்கம் பார்க்கத் தலையைத் தூக்கவே இல்லை. தேறிவிட்டேன்.

இன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் உயிர்காப்பாளராக இருக்கிறேன். காலையில் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். பயம் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடு என்றுதான் கேட்டேன். அம்மன் அதை எடுக்காமல், அதற்கு ஒரு வேலை கொடுத்தாள்.

நீங்களும் கேளுங்கள். கேட்டபடியே கிடைக்கவில்லை என்று கோயிலை விட்டுப் போய்விடாதீர்கள். தடாகத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பார்க்கும்போதெல்லாம், ‘தாயே, நீயும் பார்த்துக்கொண்டிரு’ என்கிறேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.